களவுபோன குடச்சத்தம்

“எவனோ ஒரு களவாணிப்பய என் பாட்டுக்குள்ள புகுந்து குடச்சத்தத்தைத் தூக்கிட்டுப் போயிட்டான், டீச்சர். அவன் கை வெளங்குமா? நல்லாருப்பானா அவன்?”

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே குத்தாலிங்கம் இதைச் சொல்லிவிட்டார்.

அமலோற்பவம் டீச்சர் காதிலிருந்து ஹெட்போனை எடுத்தார்.

“உக்காருங்க அண்ணாச்சி.”

“உக்காரதுக்கு வரல. கேக்கதுக்கு வந்திருக்கேன்.”

“நின்னுக்கிட்டே கேட்டா பாதிதான் காதுல விழும்.”

குத்தாலிங்கம் உட்கார்ந்தார். முகம் மட்டும் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது.

நாகர்கோவிலில் ஒரு டயர் கடைக்கு மேலே அமலோற்பவத்தின் ஸ்டுடியோ. குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து பாட்டை மிக்ஸிங் செய்வதில் தெற்கே அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். பாடம் கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். வயது பார்த்தால் பாடம் ஏறாது என்று ஒரு நாள் அவரே சொல்லியிருந்தார். அன்றிலிருந்து யாரும் பார்ப்பதில்லை.

குத்தாலிங்கம் அவருடைய நரைத்த சீடர். தென்காசிப் பக்கத்து ஆள். கல்யாண வீட்டில் ஒயர் சுற்றினார். கோயில் கொடைத் திருவிழாவில் மைக் கரகரத்ததற்கு அடி வாங்கினார். எலெக்ஷன் கூட்டத்தில் செட் போட்டுவிட்டு வாடகைக்காக நாய் மாதிரி அலைந்தார். அப்படி அலைந்தே சொந்தமாக ஸ்டுடியோ வைத்தவர். உலகம் என்றால் ஏமாற்றுகிறவன், ஏமாறுகிறவன் என்று இரண்டே சாதி என்பது அவர் கணக்கு. தீப்பெட்டியைக்கூடப் பேரம் பேசாமல் வாங்கியதில்லை.

“எந்தப் பாட்டு?” என்றார் டீச்சர்.

“முத்தாரம்மன் வில்லுப்பாட்டு. மந்திரமூர்த்தி குடம்.”

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். மந்திரமூர்த்தியின் குடத்தை அவரும் கேட்டிருக்கிறார்.

வில்லுப்பாட்டில் பாடுகிறவர் கதை சொல்வார். உடுக்கை அதற்கு ஒத்துப் பேசும். ஆனால் எதிரே மணலில் உட்கார்ந்திருப்பவனின் அடிவயிற்றில் இறங்குவது குடம்தான். மண்குடத்தின் வாயில் விசிறி போன்ற பத்தியால் ஓங்கி அடிப்பார்கள். பூமி ஏப்பம் விட்டது போல ஒரு சத்தம் எழும். மந்திரமூர்த்தி அடித்தால் பூமி வயிறார உண்டிருக்கிறது என்று தெரியும்.

“அவருக்குக் கை இழுத்துக்கிட்டுன்னு சொன்னாங்களே.”

“ஆமா. வலது கை மடியில செத்த கோழி மாதிரிக் கிடந்துச்சு. எண்ணெய் போட்டு உருவி உருவி எழுப்பினாரு. எந்திரிச்சிட்டு. ஆனா நம்பிக்கை எந்திரிக்கல. ‘ஒரு பாட்டு ரெக்கார்டு எடுத்துப் போடும் வே. ஊர்க்காரனோட ஊர்க்காரனா உக்காந்து கேக்கேன். என் கை வந்துட்டுன்னு காது சொன்னாத்தான் கொடையில குடத்தைத் தொடுவேன்’னாரு.”

“எடுத்தீங்களா?”

“எடுத்தேன். என் ரூமுல போட்டா இடி, டீச்சர்! நெஞ்சுல வந்து முட்டுது. சரின்னு டீக்கடைக்குக் குடுத்தேன். அவரு கிளாஸும் கையுமா உக்காந்திருக்காரு. பாட்டு வருது. குடம் வரல. தகர டப்பாவைத் தட்டுன மாதிரி டொக்கு டொக்குங்கு.”

குத்தாலிங்கம் நிறுத்தினார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“டீயைப் பாதியில வச்சிட்டாரு. நேரா என் ஸ்டுடியோவுக்கு வந்து குடத்தை மூலையில இறக்குனாரு. ‘கை செத்துட்டு வே. நீரே வச்சுக்கிடும்’னுட்டுப் போயிட்டாரு. கதவைச் சாத்திட்டுப் படுத்திருக்காரு. வெள்ளிக்கிழமை கொடை. அவரு பொண்டாட்டி என்னைப் பாத்தா மண்ணை வாரித் தூத்துதா.”

“யாரு மேல சந்தேகம்?”

“முதல்ல டீக்கடை ஸ்பீக்கர் மேல. அப்புறம் கார்ல போட்டேன், அங்கயும் இல்ல. மருமகன் போன்ல போட்டேன், அங்கயும் இல்ல. என் ரூமுல இருக்கு. வாசப்படி தாண்டுனா இல்ல. அப்ப வாசப்படியிலதான நிக்கான்?”

“யாரு?”

“களவாணி!”

மேசைமேல் டீச்சரின் ஸ்பீக்கர்கள் இருந்தன. ஐந்து இன்ச்சு வட்டம், கைக்கு அடக்கமான பெட்டி. குத்தாலிங்கத்தின் கண் அவற்றின் மேல் விழுந்தது.

“இவ்வளவு பேரும் புகழும் வாங்கிட்டு இன்னும் இந்தக் கோழிமுட்டையையா வச்சிருக்கீங்க? என்கிட்ட எட்டு இன்ச்சு.”

“உங்க ரூம் எவ்வளவு பெரிசு?”

குத்தாலிங்கத்துக்கு மூக்கு சிவந்தது. அவருக்கு முதலில் மூக்கு சிவக்கும், காரணம் பிறகுதான் வந்து சேரும்.

“மதுரையில அந்தக் கடைக்காரனும் இதையேதான் கேட்டான்! ஸ்பீக்கர் வேணும்னேன். அஞ்சு இன்ச்சைக் காட்டினான். என்னைப் பாத்தா சின்னது வாங்குற ஆளாத் தெரியுதான்னு கேட்டேன். உடனே ‘ரூம் எவ்வளவு பெரிசு’ங்கான். நான் எத்தனை கடை பாத்தவன்? பேரத்துக்கு நடுவுல ஒருத்தன் பேச்சை மாத்துதான்னா பொருளை ஒளிக்கான்னு அர்த்தம். ‘ரூமை நான் விக்க வரல வே, பெட்டியைப் பத்திப் பேசும்’னேன். பாதி ஷட்டரை இறக்கிட்டான். நான் எந்திரிக்கலையே! அஞ்சு இன்ச்சு விலைக்கு எட்டு இன்ச்சைத் தூக்கிட்டுத்தான் வந்தேன். கொசுறா ஒயரும் வாங்கினேன்.”

சொல்லிவிட்டு டீச்சர் சிரிப்பார் என்று பார்த்தார்.

சிரிக்கவில்லை.

“நாளைக்கு வாறேன்” என்றார் டீச்சர்.

“எதுக்கு?”

“களவாணியைப் பிடிக்க வேண்டாமா?”

மறுநாள் அமலோற்பவம் பஸ்ஸில் வந்து இறங்கினார். தோளில் கனமான துணிப்பை. குத்தாலிங்கம் வாங்கக் கை நீட்டினார். டீச்சர் கொடுக்கவில்லை.

குத்தாலிங்கத்தின் ஸ்டுடியோ ஒரு காலத்தில் குழாய் ஸ்பீக்கர்களும் டியூப்லைட்டுகளும் அடைந்து கிடந்த சரக்கறை. இரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். மூன்றாவது ஆள் வந்தால் ஒருவர் எழுந்து வெளியே போக வேண்டும்.

“பாத்தீங்களா, நாலு சுவரும் ஒரே அளவு. வாஸ்துக்காரரு வந்து பாத்துட்டு, தோஷமே இல்லாத ரூமுன்னு கும்பிட்டுட்டுப் போனாரு.”

“அவரு பாட்டுக் கேட்டாரா?”

“அவரு எதுக்குப் பாட்டுக் கேக்காரு?”

சுவரோடு சுவராக இரண்டு எட்டு இன்ச்சுப் பெட்டிகள் நின்றன. சிறிய வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த பெரிய இடத்துச் சம்பந்திகள் போல, அவை வந்த பிறகு வீட்டுக்காரருக்கு உட்கார இடமில்லை. மூலையில் மந்திரமூர்த்தியின் குடம். அதன் கழுத்தில் பத்தியைக் கட்டி வைத்திருந்தார் அதை விட்டுப்போனவர்.

“பாட்டைப் போடுங்க.”

போட்டார். குடம் கனமாக, அழகாக எழுந்தது. குத்தாலிங்கம் மார்பைத் தட்டிக் காட்டினார்.

“இருக்கா இல்லையா? நான் பொய்யா சொல்லுதேன்?”

“இருக்கு. இப்ப நீங்க கை வைக்கிறதுக்கு முந்தி இருந்ததைப் போடுங்க. மந்திரமூர்த்தி அடிச்சது அடிச்சபடி.”

“அது வேண்டாம் டீச்சர். காட்டுத்தனமா இருக்கும்.”

“போடுங்க.”

போட்டார்.

அறை உறுமியது. ஒரு அடி விழுந்து அதன் சத்தம் அடங்குவதற்குள் அடுத்த அடி வந்து அதன் முதுகில் ஏறியது. சுவரில் மாட்டியிருந்த குற்றாலநாதர் படம் ஆணியோடு நடுங்கியது. மேசைமேல் இருந்த தண்ணீர்ச் செம்பு தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்தது. குத்தாலிங்கம் பாய்ந்து அதைப் பிடித்தார்.

“கேட்டீங்களா? இப்படியே வெளிய விட்டா ஊர் சிரிக்காதா? அதான் இந்தத் திருகைப் பிடிச்சுக் குடச்சத்தத்தை இறக்கினேன்.”

“எது வரைக்கும்?”

“சரியாக் கேக்குற வரைக்கும்.”

“எங்க?”

“எங்கன்னா? இங்கதான். எனக்கு.”

டீச்சர் எழுந்து மூலைக்குப் போனார். பத்தியை அவிழ்த்து வைத்துவிட்டு, குடத்தை எடுத்து வந்து குத்தாலிங்கத்தின் மடியில் வைத்தார்.

“இதோட வாயில உங்க வாயை வைங்க.”

“என்ன டீச்சர் இது, சின்னப்புள்ள வெளையாட்டு?”

“வைங்க.”

“உரலுக்குள்ள தலையைக் குடுத்தாச்சு, உலக்கைக்குப் பயந்தா ஆவுமா” என்று முனகிக்கொண்டே குத்தாலிங்கம் குடத்தின் மேல் கவிழ்ந்தார். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, தலையையும் குடத்தையும் சேர்த்து மூடினார் டீச்சர்.

“மந்திரமூர்த்திகிட்ட என்ன சொல்லணும்னு இருக்கீங்களோ, அதைச் சொல்லுங்க.”

துண்டுக்குள் ஒரு செருமல் கேட்டது.

“உம்ம கைக்கு ஒண்ணுமில்ல வே!”

சொன்னவருக்கே தூக்கிவாரிப் போட்டது. குடத்துக்குள்ளிருந்து இன்னொரு குத்தாலிங்கம், இவரைப் போலப் பத்து மடங்கு கனமுள்ளவன், திருப்பிக் கத்தினான்.

“ரொம்பப் பெரிசாக் கேக்கு, டீச்சர்.”

“அப்ப இறக்குங்க. உங்க குரல் உங்க காதுக்கு எப்பவும் போலக் கேக்கணும். அது வரைக்கும் இறக்கிச் சொல்லுங்க.”

இறக்கினார். இன்னும் பெரிசாகத்தான் இருந்தது. இன்னும் இறக்கினார். தொழில் தெரிந்த காது. கொஞ்சம் கொஞ்சமாக, திருகைத் திருகுவது போலவே இறக்கிக்கொண்டு வந்தார். ஒரு இடத்தில் நின்றது. அதுதான் அவர் குரல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பெண்டாட்டியிடம் பேசுகிற, கடைக்காரனிடம் பேசுகிற, அவருடைய அசல் குரல்.

“உம்ம கைக்கு ஒண்ணுமில்ல வே. என்னை நம்பும். எந்திரிச்சு வாரும்.”

திருப்தியாக இருந்தது. துண்டுக்குள்ளிருந்தே கேட்டார்.

“இப்ப சரியா இருக்கா டீச்சர்?”

துண்டை விலக்கினார். டீச்சர் அறையில் இல்லை. வாசற்படிக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

“கேட்டீங்களா?” என்றார் குத்தாலிங்கம்.

“என்னத்தை?”

“நான் சொன்னதை.”

“ஏதாவது சொன்னீங்களா?”

குத்தாலிங்கம் குடத்தைப் பார்த்தார். சுவர்களைப் பார்த்தார். நாலும் ஒரே அளவு; இத்தனை நாள் அவர் உட்கார்ந்திருந்ததும் ஒரு குடத்துக்குள்தான். எதிரே இரண்டு பெட்டிகளைப் பார்த்தார். பிறகு மேசைமேல் இருந்த திருகைப் பார்த்தார். அதைப் பிடித்துத் திருகிய தன் கையைப் பார்க்க மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

கோபம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, உட்கார இடம் தேடி மதுரைக்குப் போனது.

“அப்ப அந்தக் கடைக்காரன்தான்! எனக்கு ஆகாததை என் தலையில கட்டிட்டான் பாத்தீங்களா? பெரிய பெட்டியைக் குடுத்து என் பொழப்பையே கெடுத்துட்டான், சவத்துப்பய!”

“அவரு முதல்ல எதைக் காட்டினாரு?” என்று கேட்டபடி டீச்சர் உள்ளே வந்தார்.

“அஞ்சு இன்ச்சை.”

“அப்புறம் என்ன கேட்டாரு?”

குத்தாலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

வெளியே பால்காரனின் சைக்கிள் மணி கேட்டது. போய்விட்டது.

“ரூம் எவ்வளவு பெரிசுன்னு கேட்டான்” என்றார். இது குடத்துக்குள் சொன்ன அளவுக்கே மெல்லக் கேட்டது. ஆனால் இந்த முறை டீச்சருக்குக் கேட்டது.

டீச்சர் துணிப்பையைத் திறந்தார். உள்ளே இருந்து, நேற்றுக் கோழிமுட்டை என்று பட்டம் வாங்கிய இரண்டு பெட்டிகளும் வெளியே வந்தன. குத்தாலிங்கம் குடத்தை இறக்கி வைத்தார்; எட்டு இன்ச்சுகளை இரண்டு பேருமாகத் தூக்கி வெளியே வைத்தார்கள். அறைக்கு மூச்சு வந்தது. சின்னப் பெட்டிகளைச் சுவரிலிருந்து தள்ளி, மேசைமேல் நிறுத்தினார் டீச்சர். குத்தாலிங்கத்தின் நாற்காலியைப் பிடித்து அவற்றுக்கு அருகே இழுத்தார். அவர் குடத்தை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“இவ்வளவு பக்கத்துலயா?”

“ரகசியம் பேசுறவன்கிட்ட தள்ளி உக்காந்தா முடியுமா?”

பாட்டு மறுபடி ஓடியது. மந்திரமூர்த்தி அடித்தது, அடித்தபடி.

முதலில் குத்தாலிங்கத்துக்கு ஏமாற்றமாக இருந்தது. நெஞ்சில் எதுவும் முட்டவில்லை. படம் நடுங்கவில்லை. செம்பு வைத்த இடத்தில் இருந்தது. வாங்கிப் பழகிய அவருடைய உடம்பு, கொசுறு எங்கே என்று கேட்டது.

“இவ்வளவுதானா?”

“கேளுங்க.”

கேட்டார்.

குடம் பேசியது. ஒரு அடி விழுந்தது, எழுந்தது, நின்றது. நின்ற பிறகு ஒரு காலி இடம். அடுத்த அடி அந்தக் காலி இடத்தை மிதிக்காமல், அதன் விளிம்பில் வந்து சரியாக இறங்கியது. இத்தனை நாள் உறுமலில் மூழ்கிக் கிடந்த காலி இடம் அது. அதற்குள் மந்திரமூர்த்தி மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

வரத்துப் பாட்டு வந்தது. அம்மன் இறங்குகிற இடம். கை வேகம் பிடித்தது. குத்தாலிங்கம் முன்னால் குனிந்தார். இந்த இடத்தில்தான் கை தடுமாறும் என்று அவரே உள்ளுக்குள் நினைத்திருந்தார். அதை யாரிடமும் சொன்னதில்லை.

கை தடுமாறவில்லை.

ஒரு அடி பிந்தவில்லை. ஒரு அடி மெலியவில்லை. எண்ணெய் போட்டு உருவி எழுப்பிய கை, எழுந்து நின்று, ஊரை அழைத்துக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்தது. குத்தாலிங்கத்தின் கை தானாகத் திருகை நோக்கி நீண்டது. பாதி வழியில் நின்றது. அதை மடியில் இருந்த குடத்தின் மேலேயே திரும்ப வைத்துக்கொண்டார்.

“கை போகல, டீச்சர்.”

“ம்.”

“அவரு கை அப்படியே இருக்கு.”

“ம்.”

“அப்ப இந்த எட்டு இன்ச்சை நான் என்ன செய்ய?”

“மதுரைக்குக் கொண்டுபோங்க. அந்தக் கடைக்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிட்டு வாங்க.”

குத்தாலிங்கம் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. மூக்கு சிவந்திருந்தது. காரணம் இந்த முறை முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

“களவாணி யாருன்னு தெரிஞ்சுபோச்சு, டீச்சர்.”

அமலோற்பவம் துணிப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். பெட்டிகளை அவர் எடுக்கவில்லை.

“எனக்குத் தெரிய வேண்டாம் அண்ணாச்சி. பேரைச் சொல்லாதீங்க.”

வாசற்படியைத் தாண்டிச் செருப்பைப் போட்டார். அங்கிருந்தே திரும்பினார்.

“ஆனா அவன்கிட்ட ஒண்ணு சொல்லிருங்க. மந்திரமூர்த்தி வீட்டுக்கு அவன் நடந்தே போகட்டும். பஸ்ஸுல போனா குடம் உடைஞ்சிரும். குடத்துக்குள்ள சொன்னதை அவரு வாசல்ல நின்னு, சாத்துன கதவுக்குள்ள விழுற மாதிரி, தெருவுக்கே கேக்குற மாதிரிச் சொல்லட்டும். எடுத்ததை எடுத்த கையாலேயே கொண்டுபோய்க் குடுக்கட்டும். வெள்ளிக்கிழமை வரைக்கும் இழுத்தடிக்க வேண்டாம். இன்னைக்கே குடுக்கட்டும்.”